ஒரே ஒரு ‘ஒரு’

அவளுக்குக் கத்தரி என்று பெயர். காய் இல்லை, வெட்டுகிற கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கண் ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் தலைமை டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் கத்தரிதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபப்பட மாட்டாள். சொல்லப் போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெயர் வந்த விதம் இது. அந்த ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோயாளிகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள். எழுதுவது டாக்டர்கள். கண்ணை அவ்வளவு நறுவிசாக அறுக்கத் தெரிந்தவர்களுக்கு, வாக்கியத்தை மட்டும் எங்கே அறுப்பது என்று தெரியாது. அறுவைச் சிகிச்சை பற்றிய கட்டுரையே பெரிய அறுவையாக இருக்கும். அதைத் தட்டச்சு செய்யும் வேலை இவளுக்கு. இருபத்தோரு வருஷமாக அதே நாற்காலி. முதல் ஐந்து வருஷம் வந்ததை வந்தபடி அடித்தாள். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. ‘என்பதனை நாம் இங்கு கருத்தில் கொள்ள வேண்டியது அவசியமாகிறது’ என்று ஒரு வால் வந்தால், சத்தமில்லாமல் நறுக்கிவிடுவாள். எழுதின டாக்டருக்கே தெரியாது. அச்சாகி வந்ததும் ‘இந்தத் தடவை நல்லா எழுதியிருக்கேன் இல்ல?’ என்று அவரே மெச்சிக்கொள்வார். டாக்டரம்மாதான் ஒருநாள் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்.

அந்த டாக்டரம்மாவே இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காரியம் செய்தார். ஒரு மத்தியானம் புறப்படும் அறையில் நின்று நோயாளிகள் வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நேராக இவள் மேசைக்கு வந்தார்.

“கண்ணுல ஆபரேஷன் பண்ணி அனுப்பறோம், கையில படிக்கறதுக்குக் காகிதம் குடுக்கறோம். நம்மள விடப் புத்திசாலி யாரும்மா இருக்கா?”

இவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வாய் இருக்கிறது, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, இத்தனை வருஷமாகக் காகிதத்தை மடித்து மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“அந்தக் கட்டுரைங்களையெல்லாம் வீடியோ ஆக்கிடு. பெருசா ஒண்ணும் வேண்டாம். படம் ஒண்ணொண்ணா நகரட்டும், பின்னாடி நீ பேசு. ஹால்ல ஓட்டுவோம், அவங்க போனுக்கும் அனுப்பிடுவோம்.”

“என் குரலாம்மா? எங்க வீட்டுக்காரர் என் குரலக் கேட்டா ரெண்டே நிமிஷத்துல தூங்கிடுவார்.”

“நோயாளிக்கு ஓய்வு நல்லதுதான்,” என்றார் டாக்டரம்மா.

இப்படித்தான் நாற்பத்தொன்பது வயசில் கத்தரி வீடியோக்காரி ஆனாள். பழைய கண்ணாடிச் சட்டங்கள் போட்டு வைத்திருந்த அறையைக் கொடுத்தார்கள். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டாள், எதிரொலி கேட்கக் கூடாதென்று. பேசும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். பக்கத்தில் லிஃப்ட். மாடிக்கு மாடி அது மணி அடிக்கும்; இவள் ஒரு வாக்கியம் பேசுவாள், லிஃப்ட் ஒரு மணி அடிக்கும், மறுபடி முதலிலிருந்து. வேர்த்து ஒழுகி வெளியே வந்தால், ஏதோ வயலில் உழுதுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். பேசினது என்னவோ இரண்டு நிமிஷம் நாற்பது விநாடிதான்.

வேலை பிடித்துப்போயிற்று. மூன்று பக்கக் கட்டுரையை எடுத்து ஒன்பது படமாகப் பிரிப்பாள். ஒரு படத்துக்கு ஒரு விஷயம், பெரிய எழுத்து, வெள்ளைப் பின்னணி, ஓரத்தில் ஒரு சித்திரம். தனக்கென்று சில சட்டங்களும் போட்டுக்கொண்டாள். ஒரு விஷயம் ஒரே வரியில் அடங்க வேண்டும், அடுத்த வரிக்கு வழியக் கூடாது. எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் குரலிலும், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. நல்ல சட்டங்கள்தான். நாம் போடும் சட்டம் எல்லாம் போடும்போது நல்ல சட்டம்தானே.

இப்போது அவள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். ஐந்து வயசு மூத்தவர். தங்கை தட்டச்சு படிக்கப் போன காலத்தில், அந்த வகுப்பு வீட்டிலிருந்து நான்கு மைல். தினமும் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே மரத்தடியில் நின்று, மறுபடி கூட்டிவருவார். மழை வந்தாலும் நிற்பார். உள்ளே முப்பது இயந்திரம் ஒரே நேரத்தில் படபடக்கும். ‘உன் மிஷின் சத்தம் எனக்குத் தனியா கேக்கும்’ என்பார். புளுகுதான். ஆனால் அந்தப் புளுகை நம்பித்தான் அவள் தப்பில்லாமல் அடிக்கப் பழகினாள்.

முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. எதிரே வரும் விளக்கு நாலாகத் தெரிய ஆரம்பித்தது. டிப்போ மேலாளர் நல்ல மனுஷர், ஆனால் கறாரானவர். “ஆறு வாரம் லீவு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, கண்ணு சரியா இருக்குன்னு சர்டிபிகேட் கொண்டாந்தா வண்டி. இல்லன்னா டயர் கிடங்குல உக்காரணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது,” என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு டயர் கிடங்கு என்றால் எட்டிக்காய். “சக்கரத்த எண்ணிக்கிட்டு உக்காரவா பொறந்தேன்? அது ஓடறதப் பாக்கணும்,” என்பார். வீட்டில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும். அப்படிப்பட்ட ஆள்.

தங்கை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மாவே செய்தார். அருமையாக முடிந்தது. செவ்வாய் காலை கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, புறப்படும் அறையில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒரு சொட்டு மருந்து விட்டு எப்படி விடுவது என்று காட்டினார், வழக்கமான காகிதத்தையும் கையில் கொடுத்தார். சுவரில் வீடியோ ஓடியது. வெளிச்சம் கூசியதால் அண்ணன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார், படத்தைப் பார்க்கவில்லை. குரல் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், “பேசறது என் தங்கச்சி,” என்றார். அந்தப் பக்கம் இருந்தவரிடமும் சொன்னார். வீடியோ முடிவதற்குள் அந்த அறைக்கே சொல்லிவிட்டார்.

அந்த வீடியோவில் ஆறாவது படம் என்று ஒன்று உண்டு. அதில்தான் வினை.

டாக்டரம்மா எழுதின கட்டுரையில் ‘ஒரு நாளைக்கு ஆறு முறை மருந்து விடவும்’ என்று இருந்தது. கத்தரி அதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்தாள். ‘விடவும்’ மட்டும் அடுத்த வரியில் போய் விழுந்தது. எழுத்தைச் சின்னதாக்கலாம், கண் நோயாளிக்குச் சின்ன எழுத்தா? மனசு வரவில்லை. எந்தச் சொல்லை எடுக்கலாம் என்று பார்த்தாள். ‘மருந்து’ வேண்டும். ‘ஆறு’ வேண்டும். ‘ஒரு’? அது எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு? எடுத்தாள். ‘நாளைக்கு ஆறு முறை மருந்து விடவும்.’ ஒரே வரியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அதையே படித்துப் பதிவும் செய்தாள். டாக்டரம்மா பார்த்தார், இன்னும் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், மூவரும் சரி என்றார்கள். கண்ணால் பார்த்தால் அது சரிதான். நாளொன்றுக்கு ஆறு முறை என்றுதான் படும். காதால் கேட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்த வீடியோ பத்தொன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வந்தது பத்தொன்பதாம் நாள்.

சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள் கத்தரி. அண்ணி தையல் ஃபேக்டரியில் மேற்பார்வை, சனிக்கிழமையும் வேலை உண்டு. கதவைத் திறந்தது அண்ணன். உள்ளே திரை எல்லாம் இழுத்து மூடியிருந்தது.

“ஏண்ணா பகல்ல இப்படி இருட்டா வெச்சிருக்க?”

“வெளிச்சம் கொஞ்சம் கூசுது. ஆபரேஷன் பண்ணா அப்படித்தான்னு நெனச்சேன்.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். அவர் முதலில் மழுப்பினார். கழற்றினதும் கிட்டப் போய்ப் பார்த்தாள். வெள்ளை விழி முழுக்கச் செக்கச் செவேல் என்றிருந்தது. இருபத்தோரு வருஷம் கண் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அதைப் பார்க்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை.

“எப்பலேர்ந்து இப்படி?”

“வியாழக்கிழமைலேர்ந்து.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உன் ஆஸ்பத்திரி. நான் போய்க் கண்ணு வலிக்குதுன்னு நின்னா நாலு பேரு உன்னத்தான் பேசுவாங்க. தன்னால சரியாயிடும்னு பாத்தேன்.”

மருந்துப் புட்டி அலமாரியில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது. ஐந்து நாளில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மருந்து போடவே இல்லையா நீ? சின்னக் குழந்தையாண்ணா?”

“யாரு போடல? நீ சொன்ன மாதிரியே போட்டேன்.” அண்ணனுக்கும் ரோஷம் வந்தது. “செவ்வாக்கிழமை நர்ஸம்மா ஒரு சொட்டு போட்டாங்க. அன்னைக்கு அவ்வளவுதான். நாளைக்கு ஆறு முறைன்னு நீதானே சொன்னே. புதன்கிழமை அலாரம் வெச்சு ஆறு தடவை போட்டேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல. முடிஞ்சுது.”

“என்னது முடிஞ்சுது?”

“நாளைக்கு ஆறுன்னா நாளைக்கு ஆறு. டிப்போ போர்டுல நாளைக்கு ஆறு டிரிப்னு எழுதியிருந்தா, நாளைக்குப் போய் ஆறு டிரிப் அடிப்பேன். அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா தெனமும் ஆறு டிரிப்னா அர்த்தம்?”

கத்தரியின் காதில் அவள் குரலே கேட்டது. நாளைக்கு ஆறு முறை மருந்து விடவும். கம்பளி தொங்கும் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, லிஃப்ட் மணிக்காக ஏழு தடவை மறுபடி மறுபடிச் சொன்ன வாக்கியம். அது அவளுக்கு ஒருமுறைகூட இப்படிக் கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயைத் திறந்ததற்குப் பாம்பிடம் மாட்டியது அது இல்லை, அதன் அண்ணன்.

“அந்தக் காகிதத்துல சரியாத்தானே இருந்துது. அண்ணி படிக்கலையா?”

“அவ படிக்கறேன்னுதான் சொன்னா. நான்தான் உள்ள வெச்சிடுன்னேன். என் தங்கச்சி வாயால சொல்லியிருக்கா, அதுக்கு மேல காகிதம் எதுக்குன்னு.”

இதைச் சொன்னபோது அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டியையும் அவர் சட்டையையும் எடுத்தாள். “கெளம்புண்ணா,” என்றாள். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். பிடித்தது அவருக்காக இல்லை.

டாக்டரம்மா விளக்கடியில் உட்கார வைத்து நெடுநேரம் பார்த்தார். “கிருமி இல்ல. அது வரைக்கும் நல்லது. உள்ள வீக்கம் இருக்கு. மருந்து இல்லாம மூணு நாள் போயிருக்கு, அதான். இனிமே ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.”

“பார்வை முழுசா வந்துடுமில்ல?” என்று அண்ணன் கேட்டார். “எனக்கு வண்டி எடுக்கணும்.”

“இன்னைக்கே சொல்ல மாட்டேன். வரணும். மூணு வாரம் கழிச்சுப் பாப்போம்.”

அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு, கத்தரி திரும்ப உள்ளே போனாள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். எடுத்த சொல் எது, ஏன் எடுத்தாள், எல்லாம். மறைக்கவில்லை, அழவும் இல்லை. “வேற யாரையாவது இந்த வேலைக்குப் போடுங்கம்மா. எனக்கு வெட்டத்தான் தெரியுது,” என்று முடித்தாள்.

டாக்டரம்மா போனை எடுத்து வீடியோவைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆறாவது படம் வந்ததும் முகம் மாறியது. மறுபடி ஒருதரம் கேட்டார்.

“நானும்தானே இதுக்குச் சரி போட்டேன். மூணு டாக்டர் பாத்தோம். பாத்தோம், அவ்வளவுதான்.” போனைக் கீழே வைத்தார். “வேலைய விடறது அப்புறம். இந்த இருபத்துமூணு நாளா எத்தன பேருக்கு இது போயிருக்கு?”

நூற்று நாற்பத்து மூன்று பேருக்குப் போயிருந்தது. வீடியோவை உடனே எடுத்தார்கள். பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டு, கத்தரியும் இரண்டு நர்ஸ்களும் அன்று மாலையும் ஞாயிறு முழுக்கவும் போன் செய்தார்கள். பெரும்பாலோர் சரியாகத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாரோ காகிதத்தைப் படித்திருந்தார்கள், இல்லாவிட்டால் நர்ஸ் சொன்னது நினைவிருந்தது. ஒருவர், “அதெப்படிம்மா நாளைக்குன்னு மட்டும் இருக்கும், எங்களுக்கு அவ்வளவு புத்தி இல்லையா?” என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபம் அவளுக்குத் தேனாக இனித்தது.

ஒரு பெரியம்மா மட்டும் சொன்னார்: “நான் தெனமும் காலையில உன் வீடியோவப் போட்டுக் கேக்கறேன் கண்ணு. தெனமும் நாளைக்குன்னே சொல்றியா, சரி, இன்னைக்கு இல்லபோலன்னு நானும் விட்டுடறேன். அந்த நாளைக்கு எப்ப வரும்?”

“இன்னைக்குத்தாம்மா. இப்பவே போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்,” என்றாள் கத்தரி. அந்தப் பெரியம்மா போய்ப் புட்டியைத் தேடி, கண்டுபிடித்து, விட்டுக்கொண்டு வரும்வரை இருந்தாள்.

தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் பதினாலு பேர். எல்லோரையும் வரவழைத்துப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் கண் போகவில்லை; தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளைக் கலங்கடித்துக் கதை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பதினைந்தாவது ஆள் அவள் அண்ணன். அந்தக் கண் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. சிவப்பு வடிந்தது, மங்கல் வடியவில்லை. லீவில் ஒரு வாரம் போய்விட்டது, இன்னும் ஐந்து வாரம்தான். தூரத்து எழுத்தெல்லாம் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றார்.

புதன்கிழமை டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார். “வீடியோ இல்லாம மறுபடி வெறும் காகிதம் மட்டும் குடுக்கறோம். எத்தன நாளைக்கு?”

“வேற ஆள்...”

“வேற ஆளும் கண்ணாலதான் பாக்கும். நீ ஒருத்திதான் இப்பக் காதால பட்டிருக்கே.”

வீட்டுக்குப் போய் யோசித்தாள். காலையில் யோசனை ஒரு வழிக்கு வந்தது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், “லீவுலதானே இருக்க, என்கூட வா. வேலை இருக்கு,” என்றாள்.

கம்பளி அறையில் அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டாள். “படத்தப் பாக்கக் கூடாது. நான் சொல்றதக் கேட்டுட்டு, நீ என்ன செய்வேன்னு திருப்பிச் சொல்லு. அவ்வளவுதான்.”

“இதுக்கா கூட்டிட்டு வந்தே? காபி குடுப்பியா?”

“சரியா சொன்னா குடுப்பேன்.”

முதல் படத்தை எடுத்தாள். “அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு.”

“பிந்தையன்னா?”

“அப்புறம்னு அர்த்தம்.”

“அப்ப அப்புறம்னு சொல்லேன். பஸ்ல எவனாவது ‘அந்த ஸ்டாப்புக்குப் பிந்தைய ஸ்டாப்புல எறங்கறேன்’னு சொல்லிக் கேட்டிருக்கியா?”

குறித்துக்கொண்டாள். “கனமான பொருட்களைத் தூக்குவதைத் தவிர்க்கவும்.”

அண்ணன் துண்டுக்குக் கீழே யோசித்தார். “தூக்கணுமா, கூடாதா?”

“கூடாது.”

“கூடாதுங்கற சொல்லு உனக்குப் பிடிக்காதா? சுத்தி வளச்சுட்டு வர்றே. பின்னாடி வண்டி நிக்குது, நேரா வா.”

இப்படி ஒன்பது படத்துக்கும் ஐந்து நாள் ஆயிற்று. அவள் சொல்வாள், அண்ணன் திருப்பிச் சொல்வார். அவர் தப்பாகச் சொன்னால் அது அவள் தப்பு என்று வைத்துக்கொண்டாள். இதுதான் புதுச் சட்டம். பழைய சட்டத்தில் எழுத்துதான் முதலாளி, குரல் வேலைக்காரி. இப்போது முதலில் வாயால் சொல்லிப் பார்த்து, கேட்டவர் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுத்தையே படத்தில் ஏற்றினாள். பதினாறு வருஷமாக வெட்டிப் பழகின கை, ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குக் கூசியது. அண்ணன் விடவில்லை. “ஒரு வார்த்தை கூடப் போட்டா உனக்கென்ன, டீசலா செலவாகுது?” என்றார்.

ஆறாவது படத்துக்கு மட்டும் ஒரு நாள் பிடித்தது. கடைசியில் குரல் இப்படி வந்தது: ‘மருந்து இன்னைக்கே ஆரம்பிக்கணும். தினமும் ஆறு தடவை. இன்னைக்கும் ஆறு, நாளைக்கும் ஆறு, அதுக்கு அடுத்த நாளும் ஆறு. டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.’ அண்ணன் அதைத் திருப்பிச் சொன்னார், ஒரு சொல் பிசகவில்லை. துண்டை எடுக்காமலே, “இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன்...” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டு, “காபி எங்கே?” என்றார்.

கத்தரி அங்கேதான் அழுதாள். பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது. “உன் கண்ணு வரலைன்னா நான் என்னண்ணா பண்ணுவேன்,” என்றாள். அவர் துண்டைக் கழற்றி அவளிடமே நீட்டினார், துடைத்துக்கொள்ள.

“நாலு மைல் சைக்கிள் மிதிச்சு உன்னத் தட்டச்சு படிக்க வெச்சது நான். தப்புல எனக்கும் பாதி உண்டு,” என்றார்.

புது வீடியோ ஓட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எந்தக் கட்டுரை வீடியோவானாலும், அதைப் படித்தே இராத ஒருவர், காத்திருக்கும் கூடத்திலிருந்து யாராவது ஒருவர், கண்ணை மூடிக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது வெளியே போகும். அதற்கு ‘அண்ணன் பரீட்சை’ என்று பெயர் வைத்ததும் டாக்டரம்மாதான். பெயர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர். ஒருமுறை அவர் எழுதின கட்டுரையே மூன்று தரம் தோற்றுப்போனது. நான்காம் தரம் தேறியபோது எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அண்ணன் தினமும் ஆறு வேளை, அப்புறம் டாக்டரம்மா குறைக்கச் சொன்னபடி நான்கு வேளை, மூன்று வேளை என்று விட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தார்கள்; கடைசி இரண்டு வரி படிக்க முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார் டாக்டரம்மா. அண்ணி தையல் ஃபேக்டரியில் பட்டன் எண்ணுகிற இடத்தில் ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை, கத்தரியிடம் மட்டும் சொன்னாள். டயர் கிடங்கைவிட அது தேவலையா என்று இருவரும் அடுப்படியில் நின்று பேசினார்கள். இரண்டுமே அவருக்கு ஆகாது என்று இருவருக்கும் தெரியும்.

லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போது மறுபடி பரிசோதனை. கத்தரி உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள், மரத்தடியில் அவர் நின்றதுபோல. இடது கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் எழுத்துகளைப் படிப்பது கேட்டது. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. குரல் தடங்கவில்லை. அதற்கடுத்த வரியில் ஒரு எழுத்துக்கு நின்றார். அவள் கதவோடு காதை ஒட்டி வைத்தாள். “அது ‘ப’வா ‘ய’வா... ‘ய’. கால் வளைஞ்சிருக்கு,” என்றார். அப்புறம் கடைசி வரி. விறுவிறுவென்று ஓட்டி முடித்துவிட்டார். டாக்டரம்மா பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அண்ணன் நேராகப் புறப்படும் அறைக்குப் போனார். சுவரில் அவள் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் கேட்டிருக்கிறாரே தவிர, பார்த்ததில்லை. இப்போது நின்று பார்த்தார். ஆறாவது படம் வந்தது. அதில் ‘ஒரு’ என்ற சொல் மட்டும் முதல் வரியில் தனியாக, மற்ற எழுத்தைவிடப் பெரிதாக நின்றது. ‘நாளைக்கு ஆறு முறை’ அதற்குக் கீழே.

“உன் சட்டப்படி ரெண்டு வரி ஆகக் கூடாதே,” என்றார்.

“அதுக்கு மட்டும் விதிவிலக்கு,” என்றாள் கத்தரி.

மறுநாள் சாயங்காலம் கம்பளி அறையில் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பதிவு கெட்டது. எடுத்தால் டிப்போ இரைச்சல்.

“போர்டப் பாத்துட்டேன்,” என்றார் அண்ணன். “என் பேரு போட்டிருக்கு. நாளைக்கு ஆறு டிரிப்.”

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “சரியாப் பாத்தியாண்ணா? நாளைக்கா, ஒரு நாளைக்கா?”

“நாளைக்குத்தான்,” என்றார். “நாளைக்கே.”